பேரிக்காய்

ராத்திரி முழுக்கக் காற்று
பள்ளிக்கூட அடுக்களையின் தகரக் கூரையைப் பிடித்து உலுக்கிக் கேட்டது:
இருக்கிறாயா?
இருந்தேன். கையில் கரண்டியோடு.

விடிந்தபோது
சலாசிப் பாதையை மலை தன் மடியில் போட்டுக்கொண்டிருந்தது.
எல்பூருக்கு வண்டி வராது. மின்சாரம் வராது.
உறைபெட்டியில் இருந்த இறைச்சி
இரண்டாம் நாளே நாறியது. குழி தோண்டிப் புதைத்தோம்.
வகுப்பறைகளில் பாய் விரித்து
நாற்பத்து மூன்று பேர்.

என்னிடம் இருந்தது அரிசி இரண்டு மூட்டை,
சிலாவோஸ் மலையின் சின்னப் பருப்பு,
மஞ்சள், புளி, பழுப்புச் சர்க்கரை,
யாரோ பரிசாகத் தந்த வனிலா மூன்று காய்,
பாதி சிலிண்டர்.
மற்றபடி, கதவைத் திறந்தால் சௌசௌ.

பந்தலில் சௌசௌ,
பந்தல் விழுந்த தரையில் சௌசௌ,
மின்கம்பியில் தோரணமாய்த் தொங்கிய சௌசௌ.
காரைக்காலில் சௌசௌ, இங்கே ஷுஷு.
கடலுக்கு இரண்டு பக்கமும் பேர் கெடாமல் இருப்பது
அந்தக் காய் ஒன்றுதான்.
அம்பலவாணன் என்று வந்திறங்கிய நான்
சம்பளச் சீட்டில் அம்பல்.
அம்பல் என்றால் ஊர்ப்பேச்சு என்று
இவர்களிடம் எந்த மொழியில் சொல்ல?

தண்ணீருக்குள் வைத்துத் தோல் சீவினேன்
(வெளியே சீவினால் பசை காய்ந்து
விரல் உரியும், தெரியும்தானே).
தோலை விடவில்லை. புளி வைத்துத் துவையல்.
கொழுந்தைக் கிள்ளி, இஞ்சி தட்டி வதக்கல்.
காய் பருப்போடு போயிற்று.
வேரைத் தோண்டினால் அடியில் கிழங்கு,
உருளையும் இல்லை மரவள்ளியும் இல்லை,
இரண்டுக்கும் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி.

லாரி ஓட்டும் ஓவாரோ தட்டைப் பார்த்துக் கைகட்டி நின்றார்.
"இறைச்சி?"
புதைத்த இடத்தைக் காட்டினேன்.
திட்டிக்கொண்டே மூன்று முறை சோறு வாங்கினார்.
நொயெமி திட்டவில்லை. ஏழு வயது.
வெறுஞ்சோற்றை மட்டும் தின்று
காய்களைத் தட்டின் ஓரத்தில்
வேலி மாதிரி அடுக்கினாள்.
நாலு நாள், நாலு வேலி.

ஐந்தாம் நாள் நான் பொய் சொன்னேன்.

சிலிண்டர் அதற்குள் மூச்சை விட்டிருந்தது.
முற்றத்தில் கல் கூட்டி, ஈரக் கொய்யா விறகை
ஊதி ஊதிக் கண் எரிந்து
காயை வேகவைத்துத் துணியில் கட்டிப் பிழிந்தேன்.
பிழிந்த நீரைக் குடித்துப் பார்த்தேன்.
ஒன்றுமில்லாத ருசி, மழைக்கு இருப்பது போல.
சர்க்கரை, ரவை, கடைசி வெண்ணெய்,
வனிலாவைப் பிளந்து
கத்திமுனையில் வழித்த கருமணல்.
கனத்த சட்டி. மூடிமேல் தணல்.
கொஞ்ச நேரத்தில் வாசனை
அறை அறையாகப் போய் ஆளைக் கூட்டிவந்தது.

"இது என்ன?"
"பேரிக்காய்."

சாப்பிட்டாள். வழித்தாள். இன்னொரு துண்டு.
கைகழுவும் இடத்தில் என் சட்டையை இழுத்து
யாருக்கும் கேட்காமல் சொன்னாள்:
"பேரிக்காய் என்றால் பல்லில் மணல் கடிபடும்.
எங்கள் அம்மா சந்தையில் விற்பது இதைத்தான்."
ஓவாரோவிடம் சொல்லாதே என்றேன்.
யோசித்தாள்.
வாயை மூடிக்கொள்ள ஒரு துண்டு கேட்டாள்.
கொடுத்தேன்.

ஆறாம் நாள் பந்தாட்டத் திடலில் ஹெலிகாப்டர் இறங்கியது.
பெட்டி பெட்டியாய்த் தகர டப்பாக்கள்,
மூடியில் தொத்திறைச்சிப் படம்.
எல்லாவற்றையும் தோளில் சுமந்து இறக்கிய ஓவாரோ
வியர்வையைத் துடைத்துக்கொண்டு
நேரே என்னிடம் வந்தார்.
"நேற்றைய பேரிக்காய் மீதி இருக்கிறதா?"

இருந்தது.
வாசலில், அறுந்த கொடி
புதுச்சுருள் ஒன்றை நீட்டிக்
கம்பியைத் தேடிக்கொண்டிருந்தது.
நொயெமி
வாய் நிறைய எதையோ மென்றபடி
வானத்தைப் பார்த்தாள்.