நாற்பத்திரண்டு பீப்பாய்

ஜெனீவாவில் ஜெயித்துவிட்டதாம்.
ஐந்தாம் வருடம் தொலைபேசி வந்தது.
அன்செல்மா எச்சேகரை
புகையூதியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"மேல்முறையீடு செய்துவிட்டார்கள்.
கேட்க நீதிபதிகள் இல்லை,
நாற்காலிகள்தான்" என்றார் வக்கீல்.
எவ்வளவு நாள்?
அவர் இருமினார்.
மான்டெவிடியோவில் நல்ல மழையாம்.

கொட்டகையில் நாற்பத்திரண்டு பீப்பாய்
யூகலிப்டஸ் தேன், கல்லாய் இறுகி.
தேன் கெடாது.
வட்டிதான் நுரைக்கிறது.

அவள் தீர்வைத்தான் கேட்டாள்.
தீர்வைதான் நிற்கிறது,
நூற்றுக்கு முப்பத்தொன்று.

வழக்குப் போட்ட கோடையில் பறந்த தேனீக்கள்
ஆறு வாரம் தாண்டியிருக்காது.
இவை வேறு.
இவற்றுக்கு எந்த நாட்டோடும் தகராறில்லை.

பீப்பாயில் எழுதியிருந்த துறைமுகத்தின் பெயரை
ஆணியால் சுரண்டத் தொடங்கினாள்.

பாதியில் விட்டாள்.