ஏழு ஞாயிறுகள்

விரிசலுக்கு இருபுறமும் இரண்டு பித்தளைக் குமிழ்கள்.
நடுவே எவ்வளவு?
இரண்டு வருடமாக அந்தச் சுவரிடம்
வேறெதையும் நாங்கள் கேட்கவில்லை.

சிபியுவுக்கு வடக்கே நாற்பது கிலோமீட்டர்.
ஜெர்மன் பேசிக்கொண்டு கட்டியவர்களின் பேரன்கள்
ஜெர்மனிக்கே போய்விட்டார்கள்,
சாவியை வெத்தூரியாவிடம் கொடுத்துவிட்டு.
மதில், ஆளில்லாத பெஞ்சுகள்,
பலிபீடத்துக்கு முன்னால் ஒரு கல் வளைவு,
வளைவின் தோளில் தொடங்கிக்
கூரைவரை ஏறும் கோடு.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு
பதினோரு படி ஏணியில் ஏறி
காலிப்பரை வைத்துப் பார்த்து
மருந்துக்கடை இலவசமாய்த் தந்த நோட்டில் எழுதுவாள்.
மாதம் இருநூறு லெய்.
ஜெபிக்க இங்கே வருவதில்லை, அவளுடையது வேறு சபை.
இந்தக் கட்டடத்தோடு அவளுக்கு உறவு
மில்லிமீட்டரில் மட்டும்.

பனியில் கல் சுருங்கும், விரிசல் திறக்கும்.
கோடையில் மூடும்.
அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஒரு சைன் வளைவைப் பொருத்தி
அதைக் கழித்துவிட்டால்
மிஞ்சுவது சாய்வு:
ஆண்டுக்கு நூறில் இரண்டு மில்லிமீட்டர்.
ஒரு மில்லிமீட்டர் அகல ஐம்பது வருடம்.
அதற்குள் எத்தனை அரசாங்கம்!

ஆனாலும் சாய்வு பூஜ்யம் இல்லையென்றால்
சுவர் நகர்கிறது.
நகர்கிறது என்றால் எஃகு.
புக்கரெஸ்ட் அலுவலகத்தில் வரைபடம் தயார்:
நான்கு துளை, நான்கு கம்பி,
மங்கிய புனிதர்களின் காரை வழியாக.
பூஜ்யம் வழு எல்லைக்கு வெளியே நின்றது,
மயிரிழையில்தான், ஆனால் வெளியே.
கையெழுத்துக்குப் பேனாவைத் திறந்தவன்
எச்சங்களை இன்னொரு முறை பார்த்தேன்.

அளவு என்றால் கொஞ்சம் சிந்தும்.
விரல் அழுத்தம், காற்று, ஏணியின் ஆட்டம்,
முந்தின இரவு தூங்கினாளா என்பதுகூட
இரண்டாம் தசமத்தில் இருக்கும்.
இந்தப் பிப்ரவரி, மார்ச்சில்
ஏழு ஞாயிறு சிந்தவே இல்லை.
142.58
142.56
142.54
ஏழுவரை அப்படியே, இரண்டிரண்டாய்,
மாடிப்படி இறங்குகிற மாதிரி.

போய்க் கேட்டேன்.
வெத்தூரியா அடுப்பை அணைத்தாள்.
உட்காரச் சொல்லவில்லை.
"இலாரியேவுக்கு இடுப்பு உடைந்தது.
ஆஸ்பத்திரிக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரே பஸ், எட்டரைக்கு.
நோட்டு காலியாக இருந்தால் சம்பளம் பிடிப்பீர்கள்.
குளிர் குறைந்தால் அது மூடும், எனக்குத் தெரியாதா?
நிதானமாகத்தான் இறக்கினேன்."

நிதானம்தான் கெடுத்தது.
இந்த வருடம் வெயில் முந்திக்கொண்டது.
சுவர் அவள் கணக்கைவிட வேகமாக மூடியிருக்கும்.
அவள் எண்களோ உயரவே நின்று
கோட்டின் வாலைத் தூக்கிப் பிடித்திருந்தன.

நூற்று நான்கில் ஏழு போனால் தொண்ணூற்றேழு.
இரவு பதினொன்றுக்கு மறுபடி ஓட்டினேன்.
சாய்வு தணிந்தது, எல்லை அகன்றது,
பூஜ்யம் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

"சுவர் நகர்கிறதா? தெரியாது.
இன்னும் ஓராண்டு அளக்க வேண்டும்.
அதுவரை துளை போட வேண்டாம்."
புக்கரெஸ்டிலிருந்து போன் வந்தது:
ஒரு பொறியாளர் 'தெரியாது' என்று எழுதலாமா?
எழுதலாம், இரண்டு தசம இடத்துக்குத் திருத்தமாக
என்றேன். சிரிக்கவில்லை அவர்.
ஏழு கட்டங்களிலும்
'அளவு எடுக்கப்படவில்லை' என்று நிரப்பினேன்.
காரணம் கேட்கும் பத்தியை விட்டுவிட்டேன்.
சம்பளம் வழக்கம்போல் போனது.

ஏப்ரலில் நோட்டின் படம் ஒன்று அனுப்பினாள்.
முதல் ஞாயிறு: 142.37.
பக்கத்தில், கை நடுங்கியது.
அதற்குக் கீழே, அழிக்காமல், 142.41.
அடுத்த ஞாயிறு:
பஸ்ஸுக்குப் போய்விட்டேன்.
அதற்கு நேரே ஒரு சிறு கோடு,
எண் எதுவும் இல்லை.