முன், பின்

அன்று கழித்தல் முப்பத்தொன்று டிகிரி.
உவ்ஸ் மாகாணத்தின் மேற்கு மூலை. வெளியே
ஜீப்பின் அடியில் தணல்சட்டி வைத்து
டீசலை இளக்கிக்கொண்டிருந்தார் ஓட்டுநர்.
கம்பளிக் கூடாரத்துக்குள் நான்
ஒரு மனிதரின் மூச்சைப் பையில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஊதுங்கள். இன்னும். அடிவயிற்றிலிருந்து."
புரெவ்ஜால், அறுபத்திரண்டு, ஒட்டகக்காரர்.
பற்கள் பதினொன்று.
ஈறுக் குழியின் ஆழம் ஆறு மில்லிமீட்டர்.
எங்கள் தாளில் 117.
இது அவருடைய கடைசிப் பரிசோதனை.

ஆய்வின் கேள்வி சின்னது:
மாத்திரையால் விரட்டிய வயிற்றுக் கிருமி
ஈறின் இடுக்கில் ஒளிந்திருந்து
ஓராண்டுக்குள் திரும்பி வருகிறதா?
பாதிப் பேருக்கு மாத்திரை மட்டும்.
பாதிப் பேருக்கு ஈறையும் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள்.
யார் எந்தப் பாதி என்பது ஒட்டிய உறைக்குத் தெரியும்.
மூச்சு வாங்குகிற எனக்குத் தெரியக் கூடாது.

முதல் பை, முன்.
பிறகு புளிப்புச் சாற்றில் கரைத்த யூரியா,
வாய் கொப்பளிப்பு, அரை மணி நேரக் காத்திருப்பு.
நடக்கக் கூடாது. புகைக்கக் கூடாது. தேநீர் கூடாது.
அடுப்பில் அதன் ஆவி மட்டும் எழுந்துகொண்டிருந்தது.
பேசலாம். பேசினார்:
ஆட்டு ரோமத்தின் விலை,
மகன் கடனுக்கு வாங்கிய மோட்டார் பைக்.
"நான் பட்டினி கிடக்கும்போது
அந்தக் கிருமியும் பட்டினிதானே?"
கேட்டுவிட்டுத் தானே சிரித்தார்,
பதினொரு பற்களையும் கையால் மறைத்துக்கொண்டு.
இரண்டாம் பை, பின்.

மூன்றாம் நாள், அடுத்த முகாமில், செய்தி.
உறைந்த ஏரி. ஊற்றிருந்த இடத்தில் பனி மெல்லிசு.
லாரிக் கதவைத் திறந்து
மகனை வெளியே தள்ளிவிட்டிருக்கிறார்.

பெட்டியில் இருபத்தாறு ஜோடிப் பைகள்.
அவருடையவையும் மற்றவை போலவே புடைத்திருந்தன.
உலான்பாத்தர் வரை நான்கு நாள்
பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன்.
அப்படி ஒரு விதி கிடையாது.

கருவி பெயர் கேட்கவில்லை.
முன்னில் கொஞ்சம் உறிஞ்சியது, பின்னில் கொஞ்சம்,
வித்தியாசம் சொன்னது: 1.3.
கிருமி இல்லை.
படிவத்தில் நான்கு கட்டங்கள்:
தொடர்கிறார். விலகினார். தொடர்பில் இல்லை. முடித்தார்.
விதிப்படி முடித்தார்.
டிக் போட்டேன்.

மகன் போனில் கேட்டான்:
"பையில் இருப்பது அப்பாவின் மூச்சுதானே?
அம்மா கேட்கச் சொன்னாள்."
நெறிக்குழுவுக்கு எழுதினேன். பதில் மூன்று வரி.
மிச்ச வாயு மனித எச்சமாகாது.
அழித்துவிடலாம்.
கொடுப்பது பற்றி விதியில் குறிப்பில்லை.

பனி உருகியதும் போனேன்.
"கிருமி போய்விட்டது" என்றேன் சேவெல்மாவிடம்.
"அப்படியென்றால் எரிச்சல் இல்லாமல்தான் சாப்பிட்டிருக்கிறார்."
கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்தாள்.
"என்னிடம் சொல்லவே இல்லை. ஒரு வருஷம்
காட்டு வெங்காயம் போடாமல் கறி வேகவைத்தேன்."

கோபமா அது? எனக்குப் பிடிபடவில்லை.

இரண்டு பைகளையும் விரிப்பில் வைத்தேன்.
பாதி தளர்ந்திருந்தன.
எது முன், எது பின் என்று கேட்டாள். காட்டினேன்.
"நடுவில் என்ன செய்தார்?"
"பேசினார்."
"சிரித்தாரா?"
"சிரித்தார்."
பின்னை எடுத்துக்கொண்டாள்.
முன்னை என் பக்கம் தள்ளினாள்,
மீதிச் சில்லறையைத் தள்ளுவது போல.

இலையுதிர் காலத்தில் உறைகளைத் திறந்தார்கள்.
அவர் ஈறு சுரண்டிய பாதி.
இரண்டு பாதிக்கும் பெரிய வித்தியாசமில்லை,
இன்னும் பெரிய ஆய்வு தேவை என்று எழுதினோம்.
அட்டவணையில் அவர் ஒரு சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு.

என் மேஜை இழுப்பறையில் அந்தப் பை
நாளுக்கு நாள் தட்டையாகிறது.
மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது.
இரண்டு முறை பார்த்துவிட்டேன்.