நடைவிளக்கு

கூரையை முதலில் கொண்டுபோனார்கள்.
ஆஸ்பெஸ்டாஸ்.
நீர் தெளித்து, பிளாஸ்டிக்கில் சுற்றி,
வெள்ளை அங்கிக்காரர்கள் நான்கு பேர்
பிணத்தைப்போலப் பதமாய்த் தூக்கினார்கள்.
இருபத்தாறு வருஷம் அதன்கீழ்தான் தூங்கினோம்,
நெஞ்சைப் பற்றி நினைக்காமல்.

சாட்ஸ்வர்த், யூனிட் ஏழு.
எங்களுக்கு முகவரியும் யூனிட்தான்,
மின்சாரத்தின் அளவும் யூனிட்தான்.
ஒன்று தீராது, மற்றது
மாதம் இருபதாம் தேதிக்கே தீரும்.

மின்சாரத்தைத் துண்டிக்காமல் இடிக்கக் கூடாது,
இது நகராட்சிப் படிவம்.
துண்டித்தால் திரும்பக் கொடுக்க ஆறு வாரம்,
இது நகராட்சி ஜன்னலில் இருந்த பெண்.
ஆறு வாரம் கலவை மெஷினை எதால் சுற்றுவது,
உன் வாயாலா, என்றார் பூபாலன்.
மீட்டரை மட்டும் கழற்றி
முற்றத்தில் கம்பம் நட்டு, பெட்டி கட்டி,
தனியாக வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டுவந்தது நான்.
வியாழன் வருகிறோம் என்றார்கள்.
வெள்ளியன்று வந்தார்கள்.
துண்டித்தார்கள். கம்பத்தை மறந்தார்கள்.

சனிக்கிழமை சிபுசிசோ
டெஸ்டரோடு ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுப்போனான்.
அடுக்களை செத்தது. சாக்பீஸில் பெருக்கல் குறி.
குளியலறை செத்தது. குறி.
படுக்கையறை, படிக்கட்டு, குறி, குறி.
பொதுச்சுவர் ஒன்றை விட்டுவிடுங்கள்,
அது படையாச்சிக்கும் சேர்த்து, என்றேன்.
சொல்லிக்கொண்டே நடையில் நடந்தேன்.
கை, அதன் பாட்டுக்கு, ஸ்விட்சைத் தட்டியது.

எரிந்தது.

கூரையற்ற வீட்டில், பதினோரு மணி வெயிலில்,
சுவரில் செருகிய அறுபது வாட்
சோகை பிடித்தாற்போல் எரிந்தது.
சிபுசிசோ சுத்தியலைக் கீழே வைத்தான்.
தெய்வம் எதையும் அழைக்கவில்லை,
ஸுலுவில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.

செங்கல் இரண்டைப் பெயர்த்ததும் தெரிந்தது.
கம்பி சுவரைத் துளைத்து அந்தப்பக்கம் போகிறது.
அறுபதுகளில் யாரோ ஒரு கொத்தனார், யாரோ ஒரு வயர்மேன்,
ஒரே நாளில் நூறு வீடு.
திருட்டில்லை. பிசகு.

யூனிட் தீர்ந்த இரவுகளில்
நடைவிளக்கு மட்டும் எரியும், தெரியும்.
அதனடியில் உட்கார்ந்துதான் நிரோஷா
மெட்ரிக் கணக்குப் போட்டாள்.
மாரியம்மன் பல்பு என்று பேர் வைத்திருந்தோம்.
வரமென்று வந்ததை
யார் சர்வீஸுக்குக் கொடுப்பார்கள்?

நான் சம்பளக் கணக்கு எழுதுகிறவள்.
படையாச்சி வீட்டுக் கதவைத் தட்டுமுன்
மனசுக்குள் போட்டுவிட்டேன்:
நாளைக்கு ஐந்து மணி நேரம், முப்பது வருஷம்.
மூவாயிரத்து இருநூற்று எண்பத்தைந்து.
நாங்கள் வருமுன் இருந்தவர்களின் நாலு வருஷமும் சேர்த்து,
அதற்கு நானா பொறுப்பு என்று
வாசற்படி ஏறுகையில் கழித்து,
கதவு திறக்கையில் மறுபடி கூட்டினேன்.

டெவன் படையாச்சி, பஸ் டிரைவர்,
இரவு ஷிஃப்ட் முடிந்து பனியனோடு நின்றார்.
கேட்டார். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு,
ஃபிரிட்ஜை இரண்டு தடவை மாற்றினேன், என்றார்.
கீஸரை அணை, கீஸரை அணை என்று
பத்மினியை வதைத்தேன்.
அவள் மாரிட்ஸ்பர்க்கில்
அக்காள் வீட்டில் இருப்பது உங்களுக்குத் தெரியும்.

தெரியும்.
அந்தச் சண்டைகளும்
அதே சுவர் வழியாகத்தான் வந்தன.

பணத்தை நீட்டினேன். வாங்கவில்லை.
நீட்டிய கையை மடக்கவும் வரவில்லை எனக்கு.

கம்பத்தில் பெட்டி ஏறும்வரை ஆறு வாரமும்
அவர் வீட்டு ஜன்னல் வழியே
ஆரஞ்சு நிற எக்ஸ்டென்ஷன் கேபிள் வந்தது.
மெஷின் சுற்றியது. பூபாலன் கலந்தார்.
நான் பழைய செங்கல்லின் காரையைச் செதுக்கினேன்,
ஆயிரத்து நூறு நல்ல செங்கல் தேறியது.
மாலைதோறும் படையாச்சி
மகளின் பழைய பள்ளிக்கூட நோட்டோடு வந்து
மீட்டர் எண்ணை எழுதிக்கொண்டார்.
இந்தத் தடவை கணக்கு இருக்கட்டும், என்றார்.

கெட்டிலுக்கு இவ்வளவு, டிரில்லுக்கு இவ்வளவு.
ஒருநாள் நோட்டை என்னிடம் கொடுத்துச்
சரிபார்க்கச் சொன்னார்.
கூட்டலில் தவறில்லை.
முதல் வரியில் மட்டும்
முன்பாக்கி என்று எழுதி,
எதிரே எண் போடாமல் விட்டிருந்தார்.