வெட்டிய படம்

செட்டிபாளையத்தில் அடைமழை.
தவிசாளர் வீட்டு வாசற்படியில்
இரண்டு சோடிச் செருப்பு.
இரண்டும் எட்டாம் நம்பர், ஆம்பிளைச் செருப்பு.
அதைத்தான் எடுத்துவரச் சொன்னார் ஆசிரியர்.

முழங்கால் தண்ணிக்குள் நின்று எடுத்தேன்.
கதவு திறந்தது.
சாரத்தோடு ஒருவர்; தவிசாளர் இல்லை, மற்றவர்.
"நனையிறீங்களே தம்பி, உள்ளுக்கு வாங்க."
கமராவைச் சட்டைக்குள் ஒளித்தேன்.

படத்தின் கீழ்ப்பாதியில்
கட்டி முடித்ததாகப் போன வருஷம்
கொந்தராத்துக் காசு எடுத்த வடிகான்;
அதற்குள் மூக்குப்பட விழுந்த ஓர் ஆட்டோ.
"இது எதுக்கு? வெட்டு" என்றார் பேரின்பம் ஐயா,
செருப்பை மட்டும் பெருப்பித்தபடி.

ஞாயிறு முதற்பக்கம்:
'கலாசாரம் எங்கே போகிறது?'

அன்றிரவு கல்லடியில்,
என் அறை வாசலில் கிடந்த
துஷ்யந்தனின் செருப்பை எடுத்து
கட்டிலுக்குக் கீழே தள்ளினேன்.
ஈரம் காயவில்லை.
"ஏன்?" என்றான்.
மழை என்றேன்.