நாற்பத்தொன்று

ஹல்லவாராவில் பம்புகளை நிறுத்தியது ஒரு வியாழக்கிழமை.
தண்ணீர் அவசரப்படவில்லை.
மூன்று குளிர்காலம் எடுத்துக்கொண்டது
மேலே வந்து எட்டிப்பார்க்க.

பனிக்கட்டியை முக்கோணமாய் அறுத்து
வாசல் திறக்கிறோம்.
ரைலி முன்னே, கயிற்றுச் சுருளோடு.
நான் பின்னே, முடிச்சுகளை எண்ணியபடி.
நான்கு டிகிரி. முதலில் உதடு மரத்துப்போகும்,
பிறகு உதடு இருந்ததென்ற நினைப்பு.

முதல் வழி லாரிகள் இறங்கிய சரிவு.
சுற்றுலாக்காரர்கள் அதுவரைதான்.
இரண்டாவது ஏணிக்கிணறு;
ஏறுபவர் இல்லாத ஏணியை ஒட்டித்
தலைகீழாக இறங்குவோம்.
மூன்றாவதற்குப் பெயர் இல்லை.
அதைத்தான் இன்று கட்டுகிறோம்.

பத்து மீட்டருக்கு ஓர் அம்பு.
எல்லா அம்பும் வெளியே பார்த்துத்தான்.
உள்ளே போக
யாருக்கும் வழி சொல்ல வேண்டியதில்லை.

காற்றை மூன்றாகப் பிரி:
போக ஒன்று, வர ஒன்று,
மூன்றாவது உன்னுடையதல்ல,
கூட வருபவளுடையது.
என் கல்யாணத்தில்கூட யாரும்
இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

சாப்பாட்டு அறை. பெஞ்சு. கொக்கிகள்.
தெர்மாஸின் தக்கை கூரையில் கிடந்தது;
இங்கே விழுவதென்றால் மேலேதான்.
சுவரில் பலகை, ஆணிகள், எண்கள்.
இறங்கும்போது பித்தளை வில்லையை மாட்டுவார்கள்,
ஏறும்போது கழற்றுவார்கள்.
எல்லா ஆணியும் காலி.
ஒன்றைத் தவிர.

ரைலி விளக்கை நகர்த்தவில்லை.
அவள் குமிழிகள் மட்டும்
கொஞ்சம் நெருக்கமாக வந்தன.

ஊரில் விசாரித்தோம்.
சுரங்கம் யாரையும் வைத்துக்கொள்ளவில்லை என்றார்கள்.
நாற்பத்தொன்று வில்யோ,
பெட்ரோல் பங்குக்குப் பின்னால் வீடு,
குளிர்கால டயர் மாற்றிக்கொண்டிருந்தார்.
"கடைசி நாள். கையில் சம்பளம்.
வீட்டில் சௌனா சூடாகக் காத்திருக்கிறது.
எவன் ஆணியைப் பார்த்தான்?"
சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.
"அப்படியென்றால் கணக்குப்படி
நான் இன்னும் கீழேதான்."

எடுத்து வந்து தரட்டுமா என்றாள் ரைலி.
கடைசி நட்டை முறுக்கி முடிக்கும்வரை
பதில் இல்லை.
"முப்பத்தொரு வருஷமாக
எனக்காக எவனோ ஷிப்ட் பார்க்கிறான்.
இருக்கட்டும்."

வரைபடத்தில் மூன்றாம் வழிக்கு
அந்த எண்ணையே எழுதினோம்.

கிளைபிரியும் இடங்களில் கயிற்றில் கவ்விவிட்ட
எங்கள் பிளாஸ்டிக் வில்லைகளைத்
திரும்பும்போது கழற்றிவருவது வழக்கம்.
இப்போதெல்லாம்
காருக்குள் ஏறி, ஹீட்டர் போட்டு,
விரலில் உணர்ச்சி திரும்பிய பிறகும்
பையைத் திறந்து பார்க்கிறேன்.

எத்தனை, என்கிறாள் ரைலி
சாவியைத் திருப்பாமல்.
எல்லாம் இருக்கிறது.

இன்னொரு தரம் எண்ணு, என்கிறாள்.