கை நுழையும் ஆழம்

நிறத்தைப் பார்ப்பதில்லை நான்.
விலைச்சீட்டையும் பிறகுதான் திருப்புவேன்.
முதலில் கை.
தொங்குகிற சட்டை ஒவ்வொன்றின் இடுப்பிலும்
களவெடுக்க வந்தவள்போல் தடவிக்கொண்டு போகிறேன்.

மத்திய வீதி, சனிக்கிழமை, பதினொரு மணி.
வெளியே வெயில் தாரை இளக்கிக்கொண்டிருந்தது.

நீலப் பூப்போட்டதில் ஒரு பொக்கற்.
அதற்கு மூடி, மூடிக்குப் பொத்தான்.
திறந்தால் துணி.
நிலை வைத்து, கதவு வைத்து,
பூட்டும் போட்டுவிட்டு
வீட்டைக் கட்ட மறந்திருந்தார்கள்.

மஞ்சளில் உண்டு. இரண்டு விரலுக்கு மட்டும்.
ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றை வைத்தால்
நான் குனியுமுன்பே அது நிலத்தில் கிடக்கும்.

நான் தண்ணீர் மீற்றர் வாசிப்பவள்.
உவர்மலையில் எண்பது வீடு,
பாலையூற்றில் நூற்றுப்பத்து.
பேனை வேண்டும். ரோச் லைட் வேண்டும்,
மீற்றர்கள் எப்போதும் இருட்டில்தான் குடியிருக்கும்,
ஒரு தவளையோடு.
நாய்களுக்கு மாரி பிஸ்கட்.
பிஸ்கட்டுக்கு மசியாத நாய்களுக்கு ஒரு கல்.
சாவி, போன்,
மாதத்தில் ஐந்து நாள் இன்னொன்று.
ஏன் மறைத்துச் சொல்கிறேன்? நாப்கின்.

'கைப்பை இருக்குத்தானே' என்பார் சந்திரகாசன்,
என்னைக் கட்டியவர்.
ஆறு பொக்கற் காற்சட்டையில்
ஒரு சீப்பை மட்டும் கொண்டு திரிபவர்.
தலையில் இப்போது
அதற்கும் பெரிய வேலை இல்லை.

'என்ன தேடுறீங்க மிஸ்?'
கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருகிற றிஸ்மியா.
சட்டையில் குத்திய பெயர்த்தகடு சரிந்திருந்தது.
சொன்னேன்.
சிரிப்பாள் என்றுதான் நினைத்தேன்.
அவள் முதலாளியின் மேசையை ஒருதரம் பார்த்துவிட்டு
கறுப்பு அபாயாவின் பக்கத் தையலுக்குள்
முழங்கை வரை மறைந்தாள்.
ஒவ்வொன்றாய் வெளியே வந்தன:
பஸ் காசு, இன்ஹேலர்,
பாதி சப்பிச் சுற்றிவைத்த புளி இனிப்பு,
காலையிலிருந்து கடை முழுக்கத் தேடிய அளவுநாடா.
'நானே தைச்சது மிஸ்.
கடைக்கு வாறதுகள தைக்கிற ஆக்கள்
கைய எங்க வைக்கிறதெண்டு
ஆரையும் கேக்கிறல்ல.'

பின்வரிசையிலிருந்து அவளே இழுத்து வந்தாள்,
ஒருவரும் கேட்காத செங்கல் நிறத்தில் ஒன்று.
அழகில்லை. எனக்கு ஒத்தும் வராது.
கையை விட்டேன்.
மணிக்கட்டு போயிற்று. இன்னும் போயிற்று.
அடியில் இரட்டைத் தையல்,
விரல்கள் கால்நீட்டிப் படுக்க இடம்.

உடுத்திப் பார்க்கும் அறையில்
போனும் சாவியும் பேனையும் போட்டு
மூன்று தரம் குதித்தேன்.
திரைக்கு வெளியே யாரோ இருமினார்கள்.

பில்லின் கீழே சிவப்பு முத்திரை:
பில் இன்றி மாற்றித் தரப்படமாட்டாது.
மடித்து வலப்பக்கம் வைத்தேன்.
'பழைய சட்டை இங்கேயே கிடக்கட்டும்,
திங்கள் வந்து எடுக்கிறன்.'

கோட்டை வாசல் வரை
இரண்டு கையும் வீசி நடந்தேன்.
எதையும் இடுக்காத கக்கம்.
ஒன்றையும் பிடிக்காத பத்து விரல்.
வெயில் சுட்டபோது அவற்றை உள்ளே வைத்தேன்.
அங்கே நிழல் இருந்தது.

கச்சான் ஒரு சரை வாங்கி
பில்லுக்குப் பக்கத்தில் செருகிவிட்டு
மிச்சக் காசுக்கு நின்றேன்.

இந்த ஊர் மான்களுக்கு மனிதரிடம் கூச்சம் கிடையாது.
பஸ்ஸுக்கு வரிசையில் நிற்காததுதான் குறை.
இடுப்பில் ஏதோ இளஞ்சூடு.
திரும்பினால்
கண்வரைக்கும் என் பொக்கற்றுக்குள் ஒரு பெண்மான்,
காதிரண்டும் வெளியே.

நான் கத்த, கச்சான்காரர் துவாயை வீச,
அது அவசரப்படாமல் தலையை எடுத்தது.
சரை கிழிந்து கச்சான் மண்ணில் சிதற
அதை விட்டுவிட்டு
பில்லைத்தான் மென்றது, ஆறுதலாக,
முத்திரையோடு.

இனி மாற்ற ஏலாது.

கையை உள்ளே விட்டுப் பார்த்தேன்.
ஈரம். ஒரு கச்சான்கோது.
அடித்தையல் விடவில்லை.